வலது இடுப்பில் கலயம்

அத்தியாயம் 7

“நான் ஓட்டலைங்க. அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

தர்மன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நடுவில் வக்கீல் அமிர்தலிங்கத்தின் மேஜை இருந்ததால் அவன் தப்பித்தான்.

பெரம்பலூரில் வக்கீல் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அரியலூர் கோர்ட்டில் விசாரணை. திருச்சியிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பறியும் நிபுணர் குருநாதன் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளன் வைரக்கண்ணு ஆகிய நான் கண்ணையும் வாயையும் திறந்து வைத்திருந்தேன். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். எங்கள் தொழிலில் வேலைப் பங்கீடு இப்படித்தான்.

வழக்கு இதுதான். தர்மன் பஸ் டிரைவராக இருந்தவன். போன வருஷம் பஸ் வாய்க்காலில் கவிழ்ந்தபோது அவனுடைய லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். பிழைக்க வேறு வழி தெரியாமல் அதே முதலாளியிடம், அதே பஸ்ஸில் கரி போடும் வேலைக்குச் சேர்ந்தான். யுத்தம் பெட்ரோலை விழுங்கிவிட்டதால், பஸ்கள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் முனகிக்கொண்டு ஓடிய காலம் அது. போன மாதம் அந்தப் பஸ் அரியலூர் எல்லையில் ஏரி மேட்டில் ஏறும்போது ஒரு மாட்டு வண்டியில் மோதியது. வண்டிக்காரனுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. வண்டியிலேயே தூங்கிக்கொண்டு வந்ததால் அவன் யாரையும் பார்க்கவில்லை. போலீஸ் வந்தபோது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் தர்மன்.

ரத்தான லைசென்ஸோடு பஸ் ஓட்டினான் என்று வழக்கு. ருசுவானால் ஜெயில். அதன்பின் இந்த ஜன்மத்தில் அவனுக்கு லைசென்ஸ் கிடையாது.

“பேசாம ஒப்புக்கிட்டுடு தர்மா. தண்டனையாவது குறையும்” என்றார் வக்கீல்.

குருநாதன் கண்ணைத் திறந்தார். “போலீஸ் பார்த்தப்போ இவன் கை எப்படி இருந்ததாம்?”

“முழங்கை வரைக்கும் கரின்னு சப்-இன்ஸ்பெக்டரே சொல்றார். அதனால என்ன? கரி போட்டதும் இவன்தான், ஓட்டினதும் இவன்தான்னு அடிச்சுப் பேசுவாங்க.”

“சமதரையில அப்படிப் பேசலாம். ஏரி மேட்டுல?” குருநாதன் எழுந்தே விட்டார். “மேடு ஏறும்போது பின்னால ஒருத்தன் நின்னு கைப்பிடியைச் சுத்தி அடுப்புக்குக் காத்தடிச்சாத்தான் கரி பஸ் நகரும். அதே நேரம் முன்னால ஒருத்தன் ஸ்டீரிங்கைப் பிடிக்கணும். தர்மனுக்கு எத்தனை உடம்பு?”

தர்மன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த ரெண்டாவது ஆள் யாருப்பா?”

“என் வூடு முதலாளி எடத்துல இருக்குதுங்க” என்றான் தர்மன். “புள்ளைங்க இருக்குதுங்க. கம்முனு இருந்தா லைசென்ஸைத் திரும்ப வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு, உன்னை ஜெயிலுக்கு அனுப்புறவங்களா?” என்று நான் கத்திவிட்டேன். “உள்ள போய் என்ன ஓட்டப் போறே, செக்கா?”

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். குருநாதன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வாய்யா வைரம். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அதே பஸ்ஸில்தான் போனோம். அந்தத் தடத்தில் வேறு பஸ்ஸே கிடையாது. ஜிப்பா போட்டிருந்த மரியாதைக்காகக் கண்டக்டர் என்னை முன்சீட்டில், புது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். வழியெல்லாம் வேலி முள் என் இடது முழங்கையைக் கீறிக்கொண்டே வந்தது. ஏரி வந்தது. ஏரியில் நாரை இருக்கிறதென்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்கு டிரைவரின் மூக்கும் மீசையும்தான் தெரிந்தன.

ஏரி மேட்டில் பஸ் இருமியது, நின்றது.

“எறங்குங்க, எறங்குங்க! தள்ளுங்க!”

எல்லோரும் இறங்கினார்கள். சாலையோரம் களைக்கொட்டோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேரையும் கண்டக்டர் விடவில்லை. “ஏய், என்ன வேடிக்கை? வந்து கை வைங்கடா!” அவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் இல்லை. இந்தப் பஸ்ஸில் ஒரு நாளும் ஏறியிராதவர்கள். ஆனாலும் வந்து கை வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருநாதன் என் கையை அழுத்தினார். தள்ளினோம். பின்னால் கரிக்காரன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, புகை என் ஜிப்பாவைச் சுத்தமாகத் தர்மன் நிறத்துக்குக் கொண்டுவந்தது.

மேடேறியதும் நான் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். “போன மாசம் வண்டி மேல மோதின அன்னிக்கு நீங்க வந்தீங்களா? ஓட்டினது யாரு?”

“நான் பாக்கலைங்க.”

அடுத்தவரும் பார்க்கவில்லை. அதற்கடுத்தவர் அந்த மாதம் முழுவதும் எதையுமே பார்த்ததில்லை. தடத்துக்கு ஒரே பஸ். சாட்சி சொன்னால் நாளைக்குக் கண்டக்டர் ஏற்றமாட்டான். நடந்தே போகவேண்டும். இந்த ஊர்க்காரர்கள் மேல் கோபப்படுவதா, பஸ் முதலாளி மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டு பேர் மேலும் கோபப்பட்டேன்.

குருநாதன் ஓட்டினவனைப் பற்றி மூச்சே விடவில்லை. வேட்டியிலிருந்த கரியைத் தட்டியபடி, “அன்னிக்கு இந்த மேட்டுல ஏதோ பெரிய சண்டையாமே?” என்றார் பொதுவாக.

சண்டை என்றதும் நாக்குகளெல்லாம் அவிழ்ந்துகொண்டன.

“பொம்பளையா அது! என்னா வாயி!”

“ஏரிக்கரைத் தெருப் பொன்னாயிங்க. கஞ்சிக் கலயத்துல எச்சி வுழுந்துட்டுதுன்னு ஒரே கத்தல்.”

“யார் எச்சி?” என்று கேட்டேன்.

உடனே எல்லோருக்கும் பஸ்ஸில் ஏற அவசரம் வந்துவிட்டது. நாங்கள் மட்டும் ஏறவில்லை. சண்டை இருந்ததென்று சாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “இத்தனை பேரை ஓசியில தள்ளச் சொன்ன இடத்துல ஒரு நாளாவது சண்டை வராம இருக்குமா?” என்றார்.

பொன்னாயி கடலைக் காட்டில் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். கூலி வேலைக்காரி. குருநாதன் “உட்கார்ந்து பேசுங்கம்மா” என்றதும் சுற்றுமுற்றும் பார்த்தாள். ‘ங்க’ போட்டது வேறு யாரையோ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

“அன்னிக்கி வேலைக்கிப் போயிக்கிட்டிருந்தேன் சாமி. வந்து தள்ளுங்கடின்னான். தள்ளுனோம். நான் முன்னால ஜன்னல் கட்டையில கை குடுத்துத் தள்ளிக்கிட்டிருக்கேன். பொளிச்னு வெத்தல எச்சி. கலயத்துக்குள்ள. பகலுக்கு அந்தக் கஞ்சிதான். நிமுந்து பாத்தா அவரு மென்னுக்கிட்டிருக்காரு.”

“எவரு?”

அவள் காட்டைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினாள். “இந்தக் காடு யாரு காடு? அவருதான். சாமிதுரை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமிதுரை பஸ் முதலாளியின் ஒரே மகன். நாளைய வழக்கில் போலீஸ் தரப்பின் முதல் சாட்சி. அன்று காலை முழுவதும் பெரம்பலூரில் அரிசி மில்லில் இருந்ததாகவும், தர்மன் திருட்டுத்தனமாகப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனதாகவும் சொல்லியிருப்பவர்.

“சார், புளுகு பிடிபட்டது! மனுஷன் முன்சீட்டில உட்கார்ந்து வந்திருக்கான்!”

“அவசரப்படாதே” என்றார் குருநாதன். “அம்மா, கலயம் எங்க இருந்தது?”

“இடுப்புல.”

“எந்த இடுப்புல?”

“எப்பவும் இடது இடுப்புதான். அன்னிக்கி இடது கையாலதானே வண்டியத் தள்ளணும்? அதனால கலயத்த வலது இடுப்புக்கு மாத்திக்கிட்டேன்.”

“இடது கைப்பக்கம் பஸ். வலது கைப்பக்கம் என்ன?”

“ஏரி. வேற என்னா?”

குருநாதன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தால் யாரோ ஒருவனுக்கு நல்லதில்லை. “காலையில நீ முன்சீட்டில உட்கார்ந்தியே, அங்கேயிருந்து ஏரிப் பக்கமாத் துப்ப முடியுமா?”

“துப்பலாம். டிரைவர் மீசையில விழும்.” சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது. முன்சீட்டுக்கு வேலிப் பக்கத்து ஜன்னல். ஏரிப் பக்கத்து முன் ஜன்னல் ஒருவனுக்குத்தான் சொந்தம்.

“ஸ்டீரிங் பிடிச்சவனுக்கு” என்றார் குருநாதன். “அம்மா, அவர் கையில சக்கரம் மாதிரி ஏதாவது பார்த்தீங்களா?”

“நான் மூஞ்சியத்தான் பாத்தேன். கலயத்தப் பாத்தேன். அந்த வண்டியில நான் ஏறுனதே இல்ல. யாரு எங்க குந்துவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நாளைக்குக் கோர்ட்டில வந்து இதைச் சொல்லணும்.”

“நாளன்னிக்கி எனக்கு யாரு வேல குடுப்பா?”

தர்மனுடைய பிள்ளைகள், ஜெயில், நியாயம் என்று நான் ஏதேதோ பேசினேன். அவள் காதிலேயே வாங்காமல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். நாங்கள் வரப்பில் இறங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்தாளு அப்பறம் ஒரு வார்த்த சொல்லல. தெரியாம வுழுந்துட்டுதுன்னுகூடச் சொல்லல. பின்னால போயித் தள்ளுடின்னாரு. வரேன். உங்க தர்மனுக்காவ இல்ல.”

மறுநாள் அரியலூர் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்கார இடமில்லை. சாமிதுரை பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து, மில் கதையைப் பிசகில்லாமல் ஒப்பித்தார். கூண்டிலிருந்து இறங்கியதும் அவருக்கு நாற்காலி போட்டார்கள். தர்மன் குற்றவாளிக் கூண்டில் நின்றபடி அந்த நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்துப் பொன்னாயி. கலயம், எச்சி, ஏரி, வலது இடுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் அமிர்தலிங்கம் அந்த ஜன்னல் டிரைவருடைய ஜன்னல் என்று எடுத்துக்காட்டியதும் கூட்டத்தில் சலசலப்பு. போலீஸ் தரப்பில் வாதாடிய கோர்ட்டு இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“உனக்கு இடது எது, வலது எதுன்னு தெரியுமா?”

“சோறு தின்னுற கை எதுன்னு தெரியும்.”

“நீ அந்தப் பஸ்ஸில டிக்கெட் வாங்கினியா?”

“இல்ல.”

“அப்போ நீ பயணியே இல்லே. கூலி விஷயமா இவர் மேல உனக்கு மனத்தாங்கல் உண்டுதானே?”

“எல்லாருக்கும் உண்டு.”

கோர்ட்டு இன்ஸ்பெக்டர் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். “குறிச்சுக்கணும் சார். முன்விரோதம். பயணிகள் இத்தனை பேர்ல ஒருத்தராவது வந்து சாட்சி சொல்லலை.”

மாஜிஸ்திரேட் எங்கள் வக்கீலைப் பார்த்தார். “வேற சாட்சி?”

“இல்லை சார்.”

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்துவிட்டார். ஒரு மனிதனின் வாழ்க்கை பூராவும் ஒரு கலயத்தில் இருந்தது, அதையும் கவிழ்த்துவிட்டார்கள். ஊர் கூடித் தள்ளிய பஸ்ஸுக்கு ஊரில் ஒரு சாட்சி இல்லை! எழுந்து நின்று எல்லோரையும் திட்டலாமா என்று யோசித்தேன். குருநாதனோ பொன்னாயியையும் சாமிதுரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எறங்கலாம்” என்றார் கோர்ட்டு இன்ஸ்பெக்டர். “அவர் அன்னிக்குப் பஸ்ஸிலேயே இல்லை. இல்லாதவர் எங்கேயிருந்து துப்புவார்?”

பொன்னாயி இறங்கவில்லை. நாற்காலிப் பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தைப் பார்த்து அவள் நிமிர்ந்து பேசியிருக்கமாட்டாள். இப்போது பேசினாள்.

“ஏய்யா, நீ இல்லியா? என் கஞ்சியில துப்பிட்டு இல்லேங்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?”

சாமிதுரையின் முகம் சிவந்தது, கழுத்து சிவந்தது. கூலிக்காரி, நாலு பேர் நடுவில், ‘நீ’ என்கிறாள். அவருக்கு அந்த இடத்தில் கோர்ட்டு மறந்துபோயிற்று, கேஸு மறந்துபோயிற்று. நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு எழுந்தார்.

“நாக்க அறுத்துடுவேன்! ஜன்னலண்ட வந்து ஒட்டிக்கிட்டு நின்னா எச்சி படாம என்னாடி பண்ணும்? பின்னால போயித் தள்ளுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

கோர்ட்டு இன்ஸ்பெக்டர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். குருநாதன் என் காதில், “நான் வக்கீல்கிட்டச் சொன்னது ஒண்ணுதான். அந்தம்மா கோபத்தை யாரும் தடுக்க வேணாம்னேன். இந்த ஆளுக்குப் பொய் சொல்லத் தெரியும், அவங்ககிட்டப் பொறுத்துப் போகத் தெரியாது” என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். “ஆக, அன்னிக்கு அந்த ஜன்னல்ல நீர் இருந்தீர். பஸ்ஸை ஓட்டினது நீர்.”

சாமிதுரை சுற்றிப் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் இல்லை.

“உமக்கு லைசென்ஸ் உண்டா?”

“எங்க பஸ்ஸுங்க” என்றார் சாமிதுரை. “எங்க பஸ்ஸ நாங்க ஓட்டுறதுக்கு எதுக்குங்க லைசென்ஸு?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைசென்ஸ் பறிபோனவன் கூண்டில் நிற்க, லைசென்ஸே இல்லாதவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் என்று நினைக்க நினைக்க எனக்கு ரத்தம் கொதித்தது.

அப்போதுதான் தர்மன் தலையை நிமிர்த்தினான்.

“எசமான், நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி மேடு ஏறுனப்ப நான் பின்னால காத்தடிச்சுக்கிட்டிருந்தேன். வண்டியில மோதுனதும் இவரு கீழ குதிச்சாரு. என்னையச் சீட்டுல உக்காருன்னுட்டு ஓடிட்டாரு, உக்காந்தேன்.” கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “போன வருசம் பஸ்ஸு வாய்க்கால்ல கவுந்துதே, அன்னிக்கும் இவருதான் ஓட்டுனாரு. அன்னிக்கும் என்னைய உக்காருன்னாங்க. என் லைசென்ஸு போனதே இவராலதான் எசமான்!”

வக்கீல் அமிர்தலிங்கத்தின் கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. ஒரு மாதமாக இந்த வழக்கை நடத்தியவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியாது. குருநாதனைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியாது என்றுதான் பட்டது. ரத்தே ஆகியிருக்கக்கூடாத ஒரு லைசென்ஸுக்காக இந்த மனிதன் ஒரு வருஷம் கரி சுமந்திருக்கிறான், ஜெயில் வாசல் வரை வந்திருக்கிறான், அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான்.

“இத்தனை நாள் ஏன் சொல்லலை?” என்றார் மாஜிஸ்திரேட்.

“பயந்துட்டேன் எசமான்.”

தர்மனை விடுதலை செய்து அப்போதே உத்தரவாயிற்று. சாமிதுரையை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்படி மாஜிஸ்திரேட் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். பழைய விபத்தைப் புதிதாக விசாரித்து, லைசென்ஸ் ரத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்று மேலதிகாரிகளுக்குத் தாமே எழுதுவதாகவும் சொன்னார்.

வெளியே வேப்ப மரத்தடியில் பொன்னாயி தனியாக நின்றுகொண்டிருந்தாள். இனி ஏரி மேட்டுக் காட்டில் அவளுக்கு வேலை இல்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தர்மன் போய் அவள் எதிரே கைகூப்பி நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

“உங்களுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு அக்கா. உங்களுக்குப் பயமே இல்ல.”

பொன்னாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

“யாரு சொன்னா பயமில்லன்னு? ராப்பூரா தூங்கல. பயத்த வுடக் கோவம் சாஸ்தியா இருந்துது, வந்தேன். உனக்கு ரெண்டு தடவ பண்ணியிருக்கானே, உனக்கு எங்கடா போச்சு கோவம்?”